பேமானி என்றொரு வசவு

டிச. 21, 1999. செவ்வாய்
காலையிலிருந்து பனி. வெயிலே இல்லை. விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து நேற்று வந்த ஆட்டுத்தோல் பாதி கெட்டுவிட்டது. உப்புப் போட ஆளிடம் சொல்லாமல் நோன்பு திறக்க ஓடியவன் நான்தான். தோல் மண்டியில் என் கூட்டாளி ஆரோக்கியம் ஒரு தோலைத் தூக்கி உதறினார். மயிர் கொட்டியது. கூலியாட்கள் முன்னால் கத்தினார்: "பேமானி! உம்ம நம்பி ஒரு வேலைய விட முடியுதாய்யா?"

நோன்பில் ஏசினால் பதிலுக்கு ஏசக்கூடாது. "நான் நோன்பாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தோல் போனால் போகட்டும். ரமலானில், என்னைப் பார்த்து, அந்த வார்த்தையா?

டிச. 22, புதன்
மண்டிக்குப் போகவில்லை. தலைவலி. லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன்.

"ஈமான் அரபு, பாய். நம்பிக்கைன்னு அர்த்தம். முன்னாடி நிக்கிற 'பே' பாரசீகம், இல்லாதங்கிறது. உருதுல பேஈமானின்னா நாணயக்கேடு. அது கொணத்துக்குப் பேரு. மெட்ராஸ்காரங்க ஆளுக்கே சூட்டிட்டாங்க. கடைத்தெருவுல உருண்டு உருண்டு அர்த்தமே தேஞ்சு போச்சு."

ஆரோக்கியம் மெட்ராஸ் பெரியமேட்டுக்குத் தோல் ஏற்றிப் போய்வந்து பிடித்துக்கொண்ட வசவுதான். அர்த்தம் தெரிந்து சொல்லியிருக்க மாட்டார். புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை.

டிச. 23, வியாழன்
வாங்க: தலைவலி மாத்திரை, எலுமிச்சை, பேரீச்சை. அசதி.
வீட்டில் மனைவி மும்தாஜ்: "ஸ்டெல்லாக்காவுக்கு இன்னைக்கும் கஞ்சி அனுப்ப வேணாமா?" ஸ்டெல்லா, ஆரோ.வின் மனைவி. வருஷா வருஷம் நம் வீட்டு நோன்புக் கஞ்சி அங்கே போகும். வேண்டாம் என்றேன்.
"சண்டை ஒங்க ரெண்டு பேருக்குள்ள. கஞ்சி என்ன பண்ணுச்சாம்?"
வியாபாரக் கூட்டைப் பிரித்துவிடுவதென்று முடிவு. இனி வேறு ஆள் தேடிப் பழகுகிற வயசா எனக்கு? நினைத்தாலே அலுப்பு.

டிச. 25, சனி
தூறல். கிறிஸ்துமஸ். அஸர் தொழுகை முடித்து ஆரோ. வீட்டுக்குப் போனேன். வாழ்த்த அல்ல. வாசலில் நட்சத்திரம் எரிந்தது. அவர் சட்டை புதுசு, முகம் வாடிக் கிடந்தது. உட்காராமலே சொன்னேன்: "பிரிச்சுக்கலாம், ஆரோக்கியம்."

உள்ளிருந்து ஸ்டெல்லா வந்தது.

"மத்தியானமே பிரியாணி எறக்கியாச்சுண்ணே. இவரு தொடல. பாய் நோன்பு, பாய் இல்லாம நமக்கென்ன கிறிஸ்மஸ் சோறுன்னு ஒக்காந்திருக்காரு. விடிஞ்சதுலருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

மேசையில் எனக்கும் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

"பிரிச்சுக்கலாம் பாய்," என்றார் ஆரோ., கடிகாரத்தைப் பார்த்தபடி. "பள்ளிவாசல்ல இன்னும் பாங்கு சொல்லல. செத்த நேரம் ஒக்காருங்க. மொதல்ல நோன்பு தொறப்போம்."