வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் குழாய்

செப்டம்பர் 14

படகில் வெந்நீர் வந்துவிட்டது. இன்ஜின் சூட்டிலேயே தண்ணீர் காயும்படி தொட்டிக்கு இரண்டு குழாய் இழுத்துவிட்டாள் தூருன். ஃபெர்ரிக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவள் என் மனைவி. நான் அதே ஃபெர்ரியில் வாஃபிள் சுட்டவன். "சமையல்காரன் கை ஸ்பேனர்ல படக்கூடாது, ஐலிஃப்" என்று இன்றும் விரட்டினாள்.

அந்தக் குழாய்களில் குளிரில் உறையாத பச்சைத் திரவம் ஓட வேண்டும். டப்பா காலி. இப்போதைக்கு வெறும் தண்ணீரை ஊற்றினாள். "குளிர்காலத்துக்குப் படகைக் கரையேத்துறதுக்குள்ள மாத்திடலாம். புது டப்பா வாங்கி வை."

செப்டம்பர் 15

டப்பா வாங்கி ஷெட்டில் வைத்தேன்.

அக்டோபர் 19

நாளை படகைக் கரையேற்றுகிறார்கள். தொட்டியை வடித்தோம். குடிநீர்க் குழாய்கள் உறையாமலிருக்க ஊற்றும் சிவப்புத் திரவம் சமையலறைக் குழாயிலும் குளியலறைக் குழாயிலும் வரும்வரை பம்பை ஓட்டினாள். ஒன்றையும் விடவில்லை. பச்சைத் திரவம் என்னாச்சு என்று கேட்டேன். "மாத்தியாச்சே. நேத்தே."

எப்போது மாற்றினாள்? நான் கடைக்குப் போயிருந்தபோதா? வருடா வருடம் சோதனைக் குழலை இன்ஜினுக்குள் விட்டு, உள்ளே இருப்பது உறையாத திரவம்தானா, குழலில் மிதவை எழும்புகிறதா என்று பார்க்காமல் மூடியைப் போடவே மாட்டாள். இன்று போட்டுவிட்டாள். நான் குழலை எடுத்து நீட்டினேன்.

"என்ன, என்னை நம்பலையா?"

குழலைத் திரும்பக் கருவிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறதி நோய் என்று மருத்துவர் சொன்ன அன்று அவள் அழவில்லை. "இன்ஜின்ல நான் தப்பு பண்ற அன்னிக்குப் படகை வித்துடு. அதுவரைக்கும் படகுத்துறையில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றாள். அவ்வளவுதான்.

ஜனவரி 8

ஒரு வாரமாகக் கடுங்குளிர். பனி வார மண்வெட்டி எடுக்க ஷெட்டுக்குப் போனேன். பச்சை டப்பா அலமாரியில் இருக்கிறது. சீல் உடையவில்லை.

ஓடினேன். படகை மூடியிருந்த தார்ப்பாய்க்குள் புகுந்து தொட்டிக் குழாயை அமுக்கிப் பார்த்தேன் — கட்டை மாதிரி இருக்கிறது. உள்ளே முழுக்க ஐஸ். என்ன செய்யட்டும்? எனக்கு என்ன தெரியும்? பக்கத்துப் படகுக்காரன் ஒட்வாரைக் கூப்பிட்டால் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. கையுறையைக் கழற்றிக் குழாயைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரன் மாதிரி. விரல்தான் மரத்துப்போனது.

ஜனவரி 9

"ஏன் சாப்பிடலை?" என்றாள். பல்வலி என்றேன்.

மே 4

படகு தண்ணீரில். ஒட்வார் காபியோடு வந்து நின்றான். இன்ஜின் ஓடியதும் தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிறுத்திவிட்டு தூருன் உள்ளே இறங்கினாள். விரலை நனைத்துப் பார்த்தாள், முகர்ந்தாள். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வெறும் தண்ணி. உறைஞ்சு, தொட்டிக்குள்ள இருக்கிற சுருள் குழாய் வெடிச்சிருக்கு. எந்த மடையன் தண்ணி ஊத்தினான்?"

அவள் நிஜமாகவே கேட்டாள். முகத்தில் ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

"நான்தான்" என்றேன்.

"கேட்டியா ஒட்வார்? வாஃபிள் மாவுன்னு நினைச்சிட்டான்."

ஒட்வார் காபி சிந்தச் சிரித்தான். அவளும் சிரித்தாள். குளிர்காலம் முழுக்க அவள் அப்படிச் சிரிக்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இனிமே நீ இன்ஜின் பக்கம் வராதே."

சரி என்றேன்.