இரண்டாவது இஸ்திரிப் பெட்டி

ஜூன் 4
யூனிபார்ம் ஆர்டர் பெரிதாக வந்திருக்கிறது. முன்னறைதான் என் தையல் கடை. ஒரு இஸ்திரிப் பெட்டி போதாதென்று பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கினேன். தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இது துணிக்கா, ரோட்டுக்கா?" என்றாள்.

ஜூன் 6
மகள் எலெக்ட்ரீஷியனிடம் மீட்டர் இரவல் வாங்கி வந்து இரண்டு பெட்டியையும் அளந்தாள்.

"வோல்டேஜ் 230. பழசு நாலரை ஆம்பியர் இழுக்குது, நீங்க இப்ப வாங்கின புதுசு ஒன்பது. வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினா வாட்ஸ் வரும்ப்பா."

"பெருக்கறது உங்கம்மா வேலைம்மா."

சிரிக்கவில்லை. புதுசு மட்டும் 2070 வாட்ஸாம். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை: பழசுக்கு 51 ஓம், புதுசுக்கு 25 சொச்சம். தடை குறைந்தால் இழுவை கூடுமாம்.

"ரெண்டும் சேந்தா பதிமூன்றரை ஆம்பியர். இது லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட ஒயர். தாங்காதுப்பா."

"கடை நடத்தறது நானா, நீயா?" என்றேன். அவ்வளவு கடுப்பாகக் கேட்டிருக்க வேண்டாம்.

ஜூன் 9
மகளுக்கு எலெக்ட்ரிகல் டிப்ளமோதான் வேண்டுமாம். நாளையோடு கெடு முடிகிறது. கணக்கியலில் சேர் என்றேன். கரண்டில் கை வைக்கிற பிழைப்பு பெண்பிள்ளைக்கு எதற்கு?

"அன்னிக்கு நான் போட்ட கணக்கு தப்பாப்பா?"

சரியா தப்பா என்று எனக்குத் தெரிந்தால்தானே. இருமினேன். கணக்கியலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 13
இரண்டு பெட்டியும் போட்டால் ஃபியூஸ் போகிறது. கம்பி ரொம்ப மெலிசு. செப்புக் கம்பியை நான்கு இழையாக முறுக்கிக் கட்டிவிட்டேன். அப்புறம் போகவே இல்லை!

"பாத்தியா, உன் கணக்கு படுத்துடுச்சு."

"எப்படிப்பா?"

"தொழில் ரகசியம்."

ஜூன் 17
சுவருக்குள் ஒயர் எரிந்துவிட்டது. ஒரே புகை, பக்கத்தில் அடுக்கியிருந்த துணியிலும் தீ. நான் வாளித் தண்ணியோட ஓடறேன், "ஊத்தாதீங்கப்பா!"ன்னு அலறிக்கிட்டு அவதான் மெயினை அணைச்சா. தைத்து அடுக்கியதில் பாதி கரி.

பிறகு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தாள். செப்புக் கம்பி. என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். திட்டித் தொலைச்சிருக்கலாம்.

ஜூன் 18
எலெக்ட்ரீஷியன் வந்தார். "யாருங்க இந்தக் கம்பியைக் கட்டின அறிவாளி?"

"நாந்தான்."

"ஃபியூஸ் கம்பி அறுந்துதான் உங்களைக் காப்பாத்தணும். நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்களே. பொண்ணு மீட்டர் வாங்க வந்தப்பவே பயந்துச்சு."

டிப்ளமோ கல்லூரிக்கு ஓடினேன். இடம் நிரம்பிவிட்டதாம்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா சேத்துடறேன்மா."

"வேணாம்ப்பா. சேந்தாச்சு. இதுவே இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஜூலை 2
ஆர்டர் கைவிட்டுப் போனது. அது போகட்டும். சாப்பிடும்போது மகள் பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில்.

செப்டம்பர் 5
குளிக்க வெந்நீர் ஹீட்டர் வாங்கலாமென்றாள் வீட்டுக்காரி. அட்டையில் 2000 வாட்ஸ் என்று போட்டிருந்தது. எத்தனை ஆம்பியர் இழுக்கும்? நானே உட்கார்ந்து 230ஆல் பெருக்கினேன். நாலு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. ஊருக்கே கரண்ட் போய்விடும்.

தாளை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். வரவுசெலவுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வகுக்கணுமோ? கொஞ்சம் பாரேன்மா."

நிமிரவில்லை. "எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கேளுங்கப்பா. எனக்கு மறந்துபோச்சு."

மறந்திருக்காது.