மெலனி மடத்தில் இருக்கிறாள்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
02.10.2005

என் செல்ல மகள் மெலனிக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். போனில் கதைத்தால் இருவரும் சண்டைதான் பிடிக்கிறோம். அதுதான் கடிதம்.

நாங்கள் ஜேர்மனியை விட்டு இங்கே வந்து ஒரு வருடமாகிவிட்டது. அந்த ஒரு பருவம் ஹான்ட்போல் விளையாடி முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தானே நீ அங்கே நின்றாய்? இப்போது அடுத்த பருவமும் தொடங்கிவிட்டதாம். பந்து எறிவதற்காக ஒரு பிள்ளை தாய் தகப்பனை விடுமா? இங்கே மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வெளிப்படிக்கட்டில் ஏறி இறங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. அப்படியிருந்தும் தெருமுனைக் கடை டெப்பனருக்குப் போய் ரெலிபோன் காட் வாங்கி வந்து, எனக்குத் தெரியாமல் உன்னோடு கதைக்கிறார். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

ஒரு விஷயம், கோபிக்காதே. போன ஞாயிறு பூசை முடிய அல்போன்சம்மா பிடித்துக்கொண்டா. எங்கள் பங்கில் எல்லாரையும் விசாரிக்கிற மனுசி. "இருபத்தொரு வயசுக் குமரை ஏன் தனிய விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டா. கட்டைக் காற்சட்டையோடு ஓடுகிறாள், ஆம்பிளைகளும் பொம்பிளைகளும் ஒரே கழகம், ஒரே பஸ் என்று நான் எப்படிச் சொல்வது? கன்னியர் மடத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. இப்போது சுவாமி ஒவ்வொரு பூசையிலும் உன் அழைத்தலுக்காக மன்றாடுகிறார். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். பத்திரிகையில் வந்த படமொன்றும் அப்பாவுக்கு அனுப்பாதே.

முத்தங்களுடன்,
அம்மா இமெல்டா


ரீடன்பாக், ஜேர்மனி
23.10.2005

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் கன்னியாஸ்திரி எழுதுகிறேன். மடத்தில் சாப்பாடு பரவாயில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் சத்தம்.

முதலில் சிரித்தேன், அம்மா. பிறகு அழுதேன். எங்கள் கழகத்தில் அப்படி என்ன பாவம் இருக்கிறது? பெண்கள் அணிக்கு ஐந்து மணி, ஆண்கள் அணிக்கு ஏழு மணி. நாங்கள் விளையாடும்போது அவர்கள் கோப்பி விற்கிறார்கள், அவர்கள் விளையாடும்போது நாங்கள் விற்கிறோம். கோயில் விழாவிலும் இதைத்தானே செய்கிறீர்கள்?

ஜேர்சிப் பை நினைவிருக்கிறதா? ஆட்டம் முடிய அணியின் ஜேர்சி முழுவதும் ஒரு பையில் போட்டு, கிழமைக்கு ஒரு வீடாகத் துவைக்கப் போகுமே. எங்கள் முறை வந்தால் அப்பா ஒருவரையும் தொட விடமாட்டார். போதாததற்கு ஆண்கள் அணியின் பையையும் கேட்டு வாங்கி வருவார். "கண்டவன்ர வேர்வையெல்லாம் என்ர பல்கனியில காயுது" என்று நீங்கள் அயலுக்கே கேட்கக் கத்துவீர்கள். இங்கே இன்னும் கேட்கிறார்கள், மரியதாசன் எப்போது வருவார் என்று.

சித்திரையில் அப்பாவை அனுப்புங்கள். ரிக்கெட் நான் போடுகிறேன். ஒரேயொரு சனிக்கிழமை அவர் முன்வரிசையில் இருந்து என் ஆட்டத்தைப் பார்க்கட்டும். அவர் இல்லாத மண்டபம் எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா. வேறொன்றும் உங்களிடம் கேட்கவில்லை.

அன்பு மகள்,
மெலனி


பார்க் எக்ஸ்டென்ஷன்
15.01.2006

அன்பு மகளுக்கு,

பயப்படாமல் வாசி. திருநாள் முடிய அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். இருதயம் நல்லாகப் பலவீனப்பட்டுவிட்டதாம். சித்திரைப் பயணமெல்லாம் இனி நடக்காது.

சனிக்கிழமை காலை பதினொரு மணியானால் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அங்கே ஐந்து மணியாம், பிள்ளை ஆட்டத்துக்கு இறங்குகிற நேரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இரவு பகலாகப் பக்கத்தில் நிற்கிறவள் நான். என் முகத்தைப் பார்க்கிறாரில்லை.

உன்னைக் காணவேண்டும் என்று அழுகிறார். ஆனால் உடனே ஓடி வந்துவிடாதே. பங்குச் சனம் காலையும் மாலையும் வந்து போகிறது. ஆம்பிளைப் பிள்ளை மாதிரித் தலைமயிரை வெட்டிக்கொண்டு நீ வந்து நின்றால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? நீளப் பாவாடை ஒன்று வாங்கு. தலைமயிர் கொஞ்சம் வளரட்டும். மடத்தில் விடுமுறை தந்தார்கள் என்று சொல். இதற்குச் சம்மதமென்றால் எழுது, வருகிற நாளை நான் சொல்கிறேன்.

அம்மா


ரீடன்பாக்
03.02.2006

அன்பு அம்மாவுக்கு,

சம்மதம். எல்லாவற்றுக்கும் சம்மதம்.

பாவாடை வாங்கிவிட்டேன், மண்ணிறம், கணுக்கால் வரை. தலைக்குத் துணி கட்டுகிறேன். செபமாலையைக் கையில் வைத்திருக்கிறேன். சுவாமி கேட்டால் சுவாமிக்கும் பொய் சொல்கிறேன், அந்தப் பாவம் எனக்கு வரட்டும். பயிற்சியாளரிடமும் சொல்லிவிட்டேன். நான் இல்லாமல் அணி விளையாடும்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க எனக்குத் தெரியாமலில்லை. அவருடைய கட்டிலடியிலேயே நீங்கள் சண்டை தொடங்குவீர்கள், அந்த நெஞ்சு தாங்காது. அதற்குப் பயந்துதான் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். வரவேண்டிய நாளை மட்டும் சொல்லுங்கள். மோசமானால் நேரம் பார்க்காமல் போன் எடுங்கள்.

பார்சலில் என் ஏழாம் இலக்க ஜேர்சி வருகிறது. வேண்டுமென்றேதான் துவைக்காமல் அனுப்புகிறேன். முறை அவருடையது என்று சொல்லுங்கள், சிரிப்பார்.

மெலனி


புரோசார்ட்
12.03.2006

அன்பு மகளுக்கு,

நான் இப்போது புரோசார்ட்டில் வலன்ரைன் மாமா வீட்டில் இருக்கிறேன். அண்ணைதான் தனிய இருக்கவேண்டாம் என்று கூட்டி வந்தார். பழைய போன் நம்பர் இனி வேலை செய்யாது. இந்த வீட்டுக்கு எடுக்காதே, மாமிக்குப் பிடிக்காது.

அப்பாவுக்குப் பேச்சு இல்லை. அமைதியாகப் படுத்திருக்கிறார், நோவொன்றும் இல்லை. நீ அந்தரப்பட்டு ஓடி வந்து ஆவதொன்றுமில்லை. வைகாசியில் உன் பருவம் முடிகிறதுதானே, முடித்துவிட்டு ஆறுதலாக வா. எல்லாம் நேரில் கதைப்போம்.

ஜேர்சி வந்து சேர்ந்தது. அலுமாரியில் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு நல்லாகப் போர்த்துக்கொண்டு படு, மகள்.

அம்மா


ரீடன்பாக்
30.04.2006

அம்மா,

நேற்று எங்கள் மண்டபத்துக்கு அல்போன்சம்மா வந்தா. இங்கே தன் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணமாம். விலாசம் அப்பா ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்தாராம், போனால் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்று. சேலைக்கு மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு, அப்பா இருக்கிற முன்வரிசையில் முழு ஆட்டமும் இருந்தா. முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்தா. பந்து வழுக்காமலிருக்கப் பூசுகிற பிசின் என் கையில் இருந்தது. இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன.

"கொப்பர் கண்மூடி ரெண்டு மாசமாகுது. செத்த வீட்டுக்கும் வராமல் விட, உந்தப் பந்து அவ்வளவு பெரிசோ பிள்ளை?" என்று கேட்டா.

என் அப்பா செத்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மாசிக் கடைசி ஞாயிறாம், 26.02. வானொலியில்கூட நீங்கள் மரண அறிவித்தல் கொடுக்கவில்லையாம். நான் ஒன்றும் அறியேன் என்றதும் அந்த மனுசி அப்படியே வாங்கில் இருந்துவிட்டா. பிறகு மெல்லச் சொன்னா. "மடத்தில விடேல்லை எண்டு கொம்மா சொன்னவா. மட்ச்சுக்காக வரேல்லை எண்டு நாங்கள் விளங்கிக்கொண்டம்."

ஓம் அம்மா, எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மடமென்று சொல்வதற்கு முன்பே அப்பா என் பத்திரிகைப் படத்தை பர்சில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் ஆளாளுக்குக் காட்டியிருக்கிறார். சுவாமிக்கும் காட்டியிருக்கிறார். பூசையில் என் அழைத்தலுக்காக மன்றாடும்போது அப்பா பக்கத்தில் இருந்தவருக்குக் கண்ணடிப்பாராம். நீங்கள் வெட்கப்பட்டுப் போவீர்கள் என்று பங்கு முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

ஒருவரும் நம்பாத பொய் அது. அதைக் காப்பாற்றத்தான் என் அப்பாவின் முகத்தை எனக்குக் காட்டாமல் புதைத்தீர்கள். பாவாடை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று நான் எழுதிய கடிதம் அவர் உயிரோடு இருக்கும்போதே உங்கள் கைக்கு வந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை. அமைதியாகப் படுத்திருக்கிறார் என்று மண் போட்டுவிட்டு வந்து எழுதினீர்களே. அந்த ஜேர்சியையாவது அவர் கண்டாரா? வேண்டாம், சொல்லாதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் இனி நான் நம்பமாட்டேன்.

இந்தக் கிழமை துவைக்கிற முறை என்னுடையது. ஆண்கள் அணியின் பையையும் கேட்டு வாங்கி வந்தேன். பல்கனி நிறைய ஜேர்சி காய்கிறது. பாவாடை விலைத்துண்டோடு அப்படியே கிடக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

உங்களுக்குச் சங்கடம் வராமல் ஒன்று செய்கிறேன். கேட்கிறவர்களுக்கு இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், மெலனி மடத்தில் இருக்கிறாள் என்று. உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். அங்கிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுத விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
சகோதரி மெலனி