வாக்காளர் லெம்பி கிவேலாவை அடக்கம் செய்வது குறித்து

அனுப்புநர்:
ரோலண்ட் கிவேலா (வயது 73),
வடக்குக் கரைச் சாலை,
லூன் நெக் டவுன்ஷிப், மேல் மிச்சிகன்.

பெறுநர்:
உயர்திரு க்ளென் ட்ரெவாரோ அவர்கள்,
டவுன்ஷிப் தலைவர்,
டவுன்ஷிப் அலுவலகம், லூன் நெக்.

பொருள்: ஜனவரியில் இறந்த என் மனைவி லெம்பி கிவேலாவை எங்கள் குடும்ப இடுகாட்டில் அடக்கம் செய்யவிடாமல் நிறுத்தி வைத்திருப்பதும், அதே அலுவலகத்திலிருந்து அவள் பெயருக்கு வாக்குச்சீட்டு வந்திருப்பதும் தொடர்பாக.

பார்வை:
1. எனது விண்ணப்பம், நாள் 13.05.2024.
2. நில உபயோக அதிகாரி திரு ப்ரெண்ட் ஓஸ்மன் அவர்களின் கடிதம், நாள் 28.05.2024.
3. இதே அலுவலகத்தில் 2018ஆம் ஆண்டு நானே முன்னின்று கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்களுக்குப் புதியவன் அல்லன். சென்ற தேர்தலில் தங்கள் பெயர் எழுதிய பலகைகளை வடக்குக் கரைச் சாலை நெடுகிலும் அடித்து நட்டவன் நான்தான். தாங்கள் மூன்று வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, அந்த மூன்றில் இரண்டு எங்கள் வீட்டு வாக்கு என்று தேவாலயத்தில் காபி குடிக்க வந்த அத்தனை பேரிடமும் பெருமை அடித்துக்கொண்டவனும் நான்தான். அந்தப் பெருமைக்கு என்ன கதி ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2. அரசாங்கத்திடம் நான் அதிகம் எதிர்பார்த்தவன் அல்லன். பனி விழுந்தால் சாலையை வழிக்க வேண்டும், பாலம் உடைந்தால் கட்ட வேண்டும், திருடன் வந்தால் ஷெரிப் வர வேண்டும். மற்றபடி ஒருவன் தன் வேலிக்குள் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. தாங்களும் இதையேதான் மீன் வறுவல் விருந்தில் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னீர்கள். நான்தான் முதலில் கை தட்டினேன்.

3. என் மனைவி லெம்பி சென்ற ஜனவரி 17 அன்று, எல்லைக்கு அப்பால் விஸ்கான்சின் மாநில மருத்துவமனை ஒன்றில் காலமானாள். அப்போது இங்கே தரை நாலடி ஆழத்துக்கு உறைந்து கிடந்தது. குளிர்காலத்தில் இறப்பவர்கள் மண் இளகும் வரை தேவாலயத்தின் கல்லறைக் காப்பறையில் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். தங்கள் தாயாரும் அப்படிக் காத்திருந்தவர்தான். ஆகவே லெம்பியை அங்கே வைத்துவிட்டு வந்ததில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. மே மாதம் வந்தால் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

4. வீடு என்று நான் சொல்வது எங்கள் நிலத்தில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் மேட்டை. என் தகப்பனாரும் தாயாரும் அங்கே இருக்கிறார்கள். 1979இல் பிறந்து மூன்றே நாள் இருந்த எங்கள் மகள் ரூத்தும் அங்கேதான் இருக்கிறாள். ரூத்துக்குக் குழி வெட்ட என் தகப்பனார் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. எவரும் கேட்கச் சொல்லவும் இல்லை. மருத்துவமனையில் லெம்பி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னை ரூத் பக்கத்துல வை ரோலி. வேலி ஓரமா வெச்சிடாத, அங்க காத்து பிச்சுக்கிட்டு போகும்" என்றாள். சரி என்று சொன்னேன். நாற்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் சிலவற்றை நான் காற்றில் விட்டது உண்டு. இதை விடுவதாக இல்லை.

5. மே 11 அன்று நானும் பாதிரியாரும் மண்வெட்டியோடு மேட்டில் நின்றபோது, தங்கள் அதிகாரி திரு ஓஸ்மன் அளவுநாடாவோடு வந்தார். தண்ணீர் விளிம்பிலிருந்து மேடு வரை அளந்தார். இருநூற்று அறுபது அடி. ஏரியிலிருந்து முன்னூறு அடிக்குள் இரண்டடிக்கு மேல் ஆழமாக எதையும் தோண்டக் கூடாது என்பது விதி 14 என்றார். இது பழைய இடுகாடு ஐயா, கற்களைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். தொப்பியைக் கழற்றி மரியாதையும் செய்தார். பிறகு, "பழைய குழிங்க இருக்கட்டும், அதுல பிரச்சனை இல்ல. புதுக் குழிதான் கூடாது" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். மனிதர் கெட்டவர் அல்லர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

6. மறு வாரமே எழுதிக் கொடுத்தேன். லெம்பியின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தேன். மண் பரிசோதனை கேட்டார்கள், செய்து கொடுத்தேன். மே 28ஆம் தேதிக் கடிதத்தில், விதிவிலக்கு அளிக்கும் குழு கூடித்தான் முடிவு செய்யும் என்றும், குழுவினர் தேர்தல் பணியில் இருப்பதால் செப்டம்பர் 19க்கு முன் கூட இயலாது என்றும் தெரிவித்தார்கள். குழுவில் இருப்பவர்கள் ஐந்து பேர். ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் ஐவரும் தங்கள் வண்டியில் ஏறி நின்று மிட்டாய் வீசியதை ஊரே பார்த்தது. மிட்டாய் வீசக் கூடிய ஐவருக்கு ஒரு பெண்ணை மண்ணுக்கு அனுப்பக் கூட நேரமில்லை.

7. காப்பறையை ஜூன் முதல் தேதி பூட்டிவிடுவார்கள்; கோடையில் அங்கே யாரையும் வைக்க முடியாது. லெம்பி இப்போது இருப்பது முப்பது மைல் தள்ளி, ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் குளிரறையில். வாரம் ஒரு முறை போய் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பொதுக் கல்லறையில் இடம் இருக்கிறதே, அங்கே வைத்தால் என்ன என்று கேட்பவர்களை, மேட்டுக்குப் போய் ரூத்தின் கல்லைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

8. இனி நான் சொல்லப்போவது எனக்கே பாதகமானது. ஆயினும் மனு கொடுப்பவன் உண்மையை மறைக்கக் கூடாது. விதி 14 வானத்திலிருந்து விழவில்லை. 2018இல் சிகாகோக்காரர் ஒருவர் ஏரிக்கரையை வாங்கி, கோடை வீடுகள் கட்டப்போவதாகச் செய்தி வந்தது. அவரைத் தடுக்க ஒரு விதி வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கி கையொப்பம் வாங்கியவன் நான். மனுவில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் தங்களுடையது.

எங்கள் வீட்டிலிருந்து போகும் எந்தக் காகிதத்திலும் இருவரும் கையெழுத்திடுவது வழக்கம். அந்த ஒரு மனுவில் மட்டும் லெம்பி போட மறுத்தாள். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இன்னிக்கு அவன் நிலத்துல கை வைக்க சட்டம் கேக்கற. நாளைக்கு அதே சட்டம் உன் நிலத்துக்கு வராதுன்னு எவன் சொன்னான்? வாய் கிழிய சுதந்திரம் பேசுவியே ரோலி, அது உனக்கு மட்டுந்தானா?" என்று கேட்டாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டேன். புரியாமல் இருந்தது யார் என்பதை இப்போது தினமும் எண்ணிப் பார்க்கிறேன்.

அந்தச் சிகாகோக்காரர் வழக்கறிஞரை வைத்து இரண்டே மாதத்தில் விதிவிலக்கு வாங்கினார் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இருபத்திரண்டு வீடுகள் எழும்பிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் நிலவறை எட்டடி ஆழம். லெம்பிக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம்.

9. இந்நிலையில் ஜூன் 29 அன்று என் அஞ்சல் பெட்டியில், கட்சி வேட்பாளரை முடிவு செய்ய ஆகஸ்ட் 6ஆம் தேதி நடக்கவிருக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கான தபால் வாக்குச்சீட்டுகள் வந்தன. ஒன்று எனக்கு. மற்றொன்று திருமதி லெம்பி கிவேலாவுக்கு.

இறந்தவர் பெயரில் சீட்டு போகிறது என்று சென்ற நாலாண்டுகளில் மூன்று கூட்டங்களில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். அப்படி ஒரு சீட்டை அதுவரை என் கண்ணால் கண்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல்முதலாகக் கண்டது, என் மனைவியின் பெயரைத் தாங்கி, என் கையிலேயே இருந்தது. நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஒரு கணம்கூட மகிழ முடியவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

10. ஜூலை 2 அன்று தேர்தல் எழுத்தர் திருமதி மார்சா லாபீல் அவர்களை நேரில் பார்த்தேன். லெம்பியின் இறுதி வழிபாட்டுக்குப் பெரிய தட்டு நிறைய உருளைக்கிழங்குப் பண்டம் செய்து கொண்டுவந்தவர் அவர். என் தோளைத் தடவிக் கொடுத்தவர். அவர் சொன்னது: "எனக்குத் தெரியாதா ரோலி? நான்தான் வந்தேனே. ஆனா அவங்க வேற மாநிலத்துல போயிட்டாங்க பாருங்க, அங்கேர்ந்து தகவல் வந்தாத்தான் பேரை எடுக்க முடியும். கம்ப்யூட்டர்ல அவங்க இன்னும் உசிரோடதான் இருக்காங்க."

இறப்புச் சான்றிதழ் இரண்டு கதவு தள்ளி திரு ஓஸ்மனின் மேசையில் மே மாதத்திலிருந்து கிடக்கிறதே என்று கேட்டேன். "அது நில உபயோகத்துக்கு குடுத்தது. நாங்க அதை எடுத்துக்கக் கூடாது" என்றார். ஆக, ஒரே கூரையின் கீழ் என் மனைவி ஓர் அறையில் இறந்துவிட்டாள், இன்னோர் அறையில் உயிரோடு இருக்கிறாள். இறந்த அறையில் அவளைப் புதைக்க விடமாட்டார்கள். உயிரோடு இருக்கும் அறையில் அவளிடம் வாக்கு கேட்கிறார்கள்.

11. இவ்வளவோடு நின்றிருந்தால் அலுவலக மெத்தனம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஜூலை 4 அன்று, ஊர்வலம் முடிந்த கையோடு, தங்கள் தேர்தல் வேலைகளைக் கவனிக்கும் திரு டேல் ஹோக்ஸ்ட்ரா என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் பலகை நட ஆள் தேடி வந்திருந்தார். மேசையில் உப்புக் குப்பிக்கு அடியில் இருந்த லெம்பியின் சீட்டு அவர் கண்ணில் பட்டது. என் காபியைக் குடித்துக்கொண்டே வாய் கூசாமல் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இந்தத் தடவையும் இழுபறிதான் ரோலி. ஒவ்வொரு ஓட்டும் உசிரு. அவ கையெழுத்து உனக்குத் தெரியாததா? இருந்திருந்தா க்ளென்னுக்குத்தானே போட்டிருப்பா? இதுல திருட்டு என்ன இருக்கு, அவ ஆசையத்தானே நிறைவேத்தற. க்ளென் வரட்டும், செப்டம்பர்ல உன் வேலைதான் மொத வேலை."

குழி வேண்டுமானால் வாக்கு போடு என்பதே இதன் பொருள் என்று எனக்குப் பட்டது. வேறு பொருள் உண்டென்றால் தாங்கள் தெரிவிக்கலாம். திருட்டு வாக்கு எதிர்க்கட்சிக்காரன் வீட்டில்தான் விளையும் என்று நம்பியிருந்தவன் நான். அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் என் கட்சிக்காரர். அவர் உட்கார்ந்திருந்தது லெம்பியின் நாற்காலி. காபியை முடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். பலகை அடிக்கும் சம்மட்டியையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

12. திரு ஹோக்ஸ்ட்ரா அறியாத ஒன்றையும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். மருத்துவமனையில் ஒரு நாள் நான் பழைய பெருமையை எடுத்துவிட்டபோது லெம்பி சிரித்தாள். "மூணுல ரெண்டு இல்ல ரோலி, ஒண்ணுதான். தலைவர் கட்டத்தை நான் காலியா விட்டுட்டேன். அந்த விதிக்கு கையெழுத்து போட்டவனுக்கு எப்படி போடறது?" என்றாள். அப்புறம் ஏன் நாலு வருடமாக என்னைப் பேச விட்டாய் என்று கேட்டேன். "நீ சந்தோஷமா இருந்த, கெடுப்பானேன்" என்றாள்.

ஆகவே அவள் ஆசையை நிறைவேற்ற வேண்டுமென்றால், இந்தச் சீட்டைக் காலியாகத்தான் அனுப்ப வேண்டும். அதைக்கூடச் செய்ய எனக்கு உரிமை இல்லை. உறையைப் பிரிக்காமல் இத்துடன் இணைத்துள்ளேன்.

13. எனவே நான் வேண்டுவது:

அ) வாக்காளர் பட்டியலிலிருந்து லெம்பியின் பெயரை எடுங்கள்.

ஆ) மேட்டில் அவளை அடக்கம் செய்ய அனுமதி தாருங்கள். முடியாது என்றால், முடியாது என்ற ஒரு சொல்லைத் தங்கள் கையாலேயே எழுதித் தாருங்கள். செப்டம்பர் என்று எழுதாதீர்கள்.

இ) இரண்டாவது பெயராகத் தாங்களும் முதல் பெயராக நானும் கையொப்பமிட்ட விதியைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு மனு எழுதி மீண்டும் வீடு வீடாகப் போக நான் தயார். இம்முறை மன்னிப்பும் கேட்டுக்கொண்டே போவேன். சிகாகோக்காரர் கதவையும் தட்டுவேன்.

14. வேட்டைக்கு அனுமதித்த பருவம் தவறி ஒரு மானைக்கூடச் சுடாதவன் நான். ஆயினும் வருகிற ஜூலை 20, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், ரூத்தின் பக்கத்தில் தோண்டத் தொடங்குவேன். ஒளிந்து செய்ய மனமில்லாததால் முன்கூட்டியே அறிவிக்கிறேன். ஷெரிப்பை அனுப்புவதானால் அனுப்புங்கள். தோண்டி முடிக்கும் வரை நான் எங்கும் ஓடமாட்டேன். தாங்களே வருவதானாலும் வரலாம். தங்கள் தாயாரின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். லெம்பியைத் தூக்க எங்களுக்கு இப்போது ஓர் ஆள் குறைகிறது.

15. வழக்கப்படி இம்மனுவின் கீழும் இரண்டு பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். 2018இல் லெம்பி தன் இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டாள். இதிலும் அது காலியாகவே வருகிறது. அவள் கையெழுத்தை அச்சு அசலாகப் போட எனக்குத் தெரியும், ஐயா. போடமாட்டேன்.

இணைப்பு: பிரிக்கப்படாத வாக்குச்சீட்டு உறை ஒன்று, இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு, ஒவ்வோர் அறைக்கும் ஒன்றாக.

இடம்: லூன் நெக்
நாள்: 08.07.2024

தங்களுக்கு ஒருமுறை வாக்களித்த,

ரோலண்ட் கிவேலா (ஒப்பம்)

லெம்பி கிவேலா ..............................