இறந்தவன் நுழையும் வழி

எமோனா,
அட்டிலா செத்த ஐந்தாம் வருடம், மார்ச் 10

என் ஊர்சினாவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம். பயந்துவிடாதே, எழுதுவது உன் செக்குந்தினுஸ்தான். உயிரோடு இருக்கிறேன்.

நம் அக்விலேயாவின் மதில் விழுந்த அன்று ஹூணர்கள் என்னைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். ஆறு வருடம் அவர்களுடைய குதிரைகளுக்குப் புல் போட்டேன். ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டுக் கொடுத்த பொதுக் குளியலறைக்காரன், ஆறு வருடமாக ஒரு செம்பு வெந்நீர் பார்க்கவில்லை. நீ நம்ப மாட்டாய். பக்கத்தில் வந்தால் நம்புவாய். இப்போது அவர்களுக்குள்ளேயே அடிதடி. அந்தக் குழப்பத்தில் நாங்கள் சிலர் நழுவிவிட்டோம். மூக்கு உடைந்து, தலை நரைத்து, பழைய ஆள் யாருக்கும் என்னை அடையாளம் தெரியாது.

நீயும் நம் மகள் பிளாவில்லாவும் கிராதோ தீவுக்குத் தப்பிவிட்டீர்கள் என்று இங்கே ஒரு மீன் வியாபாரி சொன்னான். கேட்டதும் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வரும் கணவன் முதலில் சேதி அனுப்ப வேண்டும், திடுமென வந்து நின்றால் பெண்டாட்டியை வேவு பார்க்க வந்தான் என்று ஊர் பேசும். அந்த மரியாதைக்காகத்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் இந்நேரம் ஓடியே வந்திருப்பேன். குழந்தைக்கு எட்டு வயது ஆகியிருக்குமே. என் பேர் தெரியுமா அவளுக்கு?

உன்
செக்குந்தினுஸ்

கிராதோ,
ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஐந்தாம் முறை எழுத்து தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.

நீங்கள் இறந்துவிட்டதாக அக்விலேயாவிலிருந்து வந்த மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு வருடம் நம்பாமல் இருந்தேன். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து மணலில் வெறும் கல்லறை கட்டி, வழக்கப்படி உங்கள் பெயரை மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டோம். நீங்கள் பதில் சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?

இப்போது அதுதான் சிக்கல். காரியம் செய்து முடித்த மனிதர் உயிரோடு வந்தாலும் வாசல் வழியாக நுழையக் கூடாது, கூரையேறித்தான் உள்ளே இறங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? குருவானவர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் ஞாயிறு தவறாமல் அவர் முன்னால் முழங்காலிடும் பெண்கள்தான் என் வாசலை மறித்து நிற்பார்கள். பக்கத்து வீட்டு லுப்புலா அக்கா அன்றைக்கே வந்துவிட்டாள். "செத்தவன் வாசப்படி மிதிச்சா வீட்டுக்கு ஆகாதுடி. ஓட்டைப் பிரிச்சு எறங்கச் சொல்லு" என்றாள்.

ஆகவே அவசரப்பட வேண்டாம். நான் எழுதிய பிறகு வாருங்கள். பிளாவில்லாவுக்கு உங்கள் பேர் தெரியும்.

ஊர்சினா

எமோனா,
ஏப்ரல் 21

என் ஊர்சினாவுக்கு,

வேலியேறிக் குதித்து ஹூணர்களிடமிருந்து தப்பியவனுக்கு உன் வீட்டுக் கூரை ஒரு பொருட்டா? திருடன் மாதிரி ஏறுகிறேன், பூனை மாதிரி இறங்குகிறேன். கீழே நீ நின்றால் போதும்.

ஆனால் ஒன்று. உன் கடிதத்தைக் கொண்டுவந்த மீன் வியாபாரியிடம் உன்னைப் பற்றி விசாரித்தேன். "உப்பளத்து மார்கியானுஸ் வீட்டம்மாவத்தானே கேக்குறீங்க?" என்றான். "அங்க வேலை செய்யறாளோ என்னவோ" என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மூன்று மீனைச் சும்மாவே கையில் வைத்துவிட்டுப் போனான்.

நீயே சொல்லிவிடு. எனக்குக் கோபமில்லை. பொய், இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். இன்று அது தீர்ந்துவிட்டது. நீ வேண்டும் என்பது மட்டும் தீரவில்லை.

செக்குந்தினுஸ்

கிராதோ,
மே 9

உங்களுக்கு,

சொல்லாமல் மறைத்தது தப்பு. மன்னியுங்கள்.

மதில் விழுந்த அன்று ஆற்றுத்துறையில் ஒரு படகிலும் எங்களை ஏற்றவில்லை. மார்கியானுஸ் தன் உப்பு மூட்டைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டு என்னையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டார். மூன்று வருடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. உங்களுக்குக் காரியம் செய்து ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டார். சம்மதித்தேன். எங்களுக்கு ஒரு பையன், விதாலிஸ். இப்போதுதான் நடக்கிறான்.

உங்களைப் போலப் பலர் திரும்புகிறார்களாம். அதற்கு ரோமிலிருந்து பாப்பரசரின் உத்தரவு வந்திருக்கிறது. அங்கிருந்து படை வரவில்லை, உத்தரவு மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது. முதல் கணவன் வந்து "என் மனைவி எனக்கு வேண்டும்" என்று சொன்னால் அவள் போக வேண்டும். மறுத்தால் தேவாலயத்தில் அவளுக்கு இடமில்லை. போனால் விதாலிஸ் அவன் அப்பாவிடம் இருப்பான். உங்கள் ஒரு சொல் போதும். என்னை யாரும் கேட்கப் போவதில்லை.

"அவர் வேண்டாம்னு சொல்லிட்டா?" என்று குருவானவரைக் கேட்டேன்.

"அப்பவும் அவன் உசிரோட இருக்கானே அம்மா. ரெண்டு புருஷன்காரின்னுதான் பேசுவாங்க. உன் மகனையும் சேர்த்துப் பேசுவாங்க" என்றார்.

மார்கியானுஸிடம் உங்கள் கடிதங்களைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். இன்று காலை கூரையேறி நான்கு ஓடுகளைப் பிரித்தார். "அவர் வந்தா எறங்க வழி இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஒவ்வொரு படகு வரும்போதும் உங்கள் முகத்தைத் தேடியிருக்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகும் தேடினேன். உங்களைப் பார்க்க வேண்டும். விதாலிஸை விட்டு வர என்னால் முடியாது. நீங்கள் கேட்டால் வருவேன். இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிகிறது.

ஊர்சினா

கிராதோ படகுத்துறை,
ஜூன் 3

மார்கியானுஸின் மனைவி ஊர்சினா அம்மாளுக்கு,

வணக்கம். என் பெயர் சாபினுஸ். உங்கள் முதல் கணவர் செக்குந்தினுஸும் நானும் ஒரே கயிற்றில் கட்டுண்டு போனவர்கள். அவர் எமோனாவில் காய்ச்சலில் இறந்துவிட்டார். நானே குழி வெட்டினேன். இதை இன்று காலை உங்கள் தேவாலயத்தில், நற்செய்திப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து சொல்லிவிட்டேன். குருவானவர் எழுதி வாங்கிக்கொண்டார். பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு நரகம் என்று முதலிலேயே எச்சரித்தார். ஆறு வருடம் குதிரை மேய்த்த இடத்தைப் பார்த்தவனுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

இனி உங்களை யாரும் கேட்க முடியாது. ஓடுகளைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், மழை வருகிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தை அவர் படித்துவிட்டுத்தான் இறந்தார். ஒரு சொல் சொன்னால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல்லை எத்தனை முறை நாக்குவரை கொண்டுவந்தார் என்பது கூடவே இருந்த எனக்குத்தான் தெரியும். உங்கள் மார்கியானுஸ் நல்ல மனிதர் என்று சொன்னார். சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

துறையில் ஒரு சிறுமி நின்றாள். உங்கள் நெற்றி. "யாரு வேணும்?" என்று கேட்டாள்.

"யாரும் வேணாம் பாப்பா. கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். "சீக்கிரம் குடிச்சுட்டுத் தாங்க, இது எங்கப்பாவோட குவளை" என்றாள். மெதுவாகத்தான் குடித்தேன். அதற்காக என்னைக் கொஞ்சம் திட்டினாள்.

இந்த எழுத்து உங்களுக்குத் தெரிந்த ஒருவருடையது போல இருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கயிற்றில் கிடந்தவர்களுக்குக் கையெழுத்தும் ஒன்றாகிவிடும் போலிருக்கிறது.

ராவென்னா போகும் படகில் வேலை கிடைத்திருக்கிறது. பதில் எழுத வேண்டாம். காலையிலிருந்து படகுக்காரர்கள் சாபினுஸ், சாபினுஸ் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

சாபினுஸ்