பயனாளர் எண்ணிக்கை: பூஜ்ஜியம்

அனுப்புநர்:
தொழில்நுட்ப உதவியாளர்,
ஒலிப்பதிவு அறை, பேச்சு மற்றும் செவித்திறன் துறை,
பழைய கட்டடம், மூன்றாம் மாடி.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: கணினிச் சேவைகளை ஒரே மையத்தின்கீழ் கொண்டுவரும் திட்டம் – எங்கள் துறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கணினியை அழிக்காமல் நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நான் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது என் நான்காவது மனு. முதல் மூன்றும் தங்கள் மேஜைக்கு வந்து சேரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் இதை எழுதக் கை வருகிறது.

1. நான் திட்டத்துக்கு எதிரி அல்ல. ஒவ்வொரு துறையும் தன் கணினியை அலமாரிக்குள்ளும் கழிப்பறைச் சுவரை ஒட்டியும் வைத்துக்கொண்டு, பழுதானால் ஆள் தேடி ஓடிய கதை எனக்குத் தெரியும். திட்டக் குழுவின் கூட்டத்தில் ஆதரித்து முதலில் கை தூக்கியவனே நான்தான்.

2. குரல்வளையை அறுவை செய்து எடுக்க வேண்டிய நோயாளிகள், அதற்கு முன் எங்கள் அறைக்கு வந்து முந்நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். புண் ஆறிய பிறகு, அந்தப் பதிவைக் கொண்டு அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும் கருவியைத் தயாரித்துக் கொடுப்போம். அதுவரை அந்தக் குரல் எங்கள் கணினியில் சும்மா கிடக்கும். வேறெங்கும் நகல் எடுக்கக் கூடாது என்பது துறை விதி. பத்தொன்பது ஆண்டுகளில் நான் அதை மீறியதில்லை.

3. குழு அனுப்பிய படிவத்தில் "நாளொன்றுக்குப் பயனாளர் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருந்தது. அன்றாடம் யாரும் அந்தப் பதிவுகளைத் திறப்பதில்லையே என்று யோசித்து, பூஜ்ஜியம் என்று எழுதினேன். பக்கத்துத் துறைக்காரர் தூசி படிந்த தன் கணினிக்கு இருநூறு என்று எழுதினார்; அது இப்போது மையத்தின் குளிர்பதன அறையில் சொகுசாக இருக்கிறது. பூஜ்ஜியம் என்றால் உள்ளிருப்பதை மையத்துக்கு மாற்றத் தேவையில்லை, அழித்துவிடலாம் என்று குழு முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியாது. நான் விடுப்பில் இருந்த நாளில் வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாளே மையத்துக்கு ஓடினேன். "சார், ஜீரோன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? இப்ப வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்றார் அங்கிருந்த பொறியாளர். அவர்மேல் தப்பில்லை, கையெழுத்து என்னுடையதுதான். புகார் எண் ஒன்று கொடுத்தார். இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று செய்தி வந்தது. மறுபடி புகார் கொடுத்தேன், மறுபடியும் தீர்த்துவிட்டார்கள்.

4. அந்தக் கணினியில் முப்பத்தெட்டுப் பேரின் குரல் இருக்கிறது. ஒரு பேருந்து நடத்துநர், ஒரு பள்ளி ஆசிரியை, தன் குழந்தைக்குக் கதை சொல்ல வேண்டும் என்று கூடுதலாக நூறு வாக்கியங்கள் படித்த ஒரு தச்சர். முப்பத்தெட்டாவது ஆள் என் மனைவி. சொந்த விஷயத்தை அலுவலகக் கடிதத்தில் நுழைக்கக் கூடாது என்று முந்தைய மனுக்களில் இதை எழுதவில்லை. இப்போது வேறு வழி தெரியவில்லை, ஐயா.

அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு ரவிக்கைக்கு அளவெடுப்பதற்குள் வந்தவர் வீட்டுக் கதை முழுவதையும் வாங்கிவிடுவாள். நான்கு பிற்பகல்கள் எதிரில் உட்கார்ந்து நானே பதிவு செய்தேன். முந்நூறாவது வாக்கியம் முடிந்ததும், "போதுங்க, தொண்டை காஞ்சு போச்சு, ஒரு வாய் தண்ணி குடுங்க" என்றாள். பட்டியலில் இல்லாத பேச்சை வெட்டி எடுப்பது என் வேலை. அதை மட்டும் வெட்டவில்லை.

அறுவை முடிந்து, இப்போது சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். தினமும் "எப்போ?" என்று எழுதுகிறாள். "ஆச்சு, ஆச்சு" என்கிறேன். கணினி போனதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

5. துறைகளிலிருந்து எடுத்துப் போய் மையத்தின் கிடங்கில் போட்டிருக்கும் அறுபது கணினிகளும், உள்ளிருப்பதெல்லாம் அழிக்கப்பட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் துடைக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்துள்ளது. சிலவற்றை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது என்றும் கேள்விப்பட்டேன். எண் ஒட்டிகளைக் கிழித்துவிட்டதால் எது எவருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் கணினியின் இடது மூடியில் ஒரு ஸ்க்ரூ கிடையாது. தூசி படியாமலிருக்க என் மனைவி ஓர் உறை தைத்து, அதன் பச்சை நாடாவை அந்த ஓட்டையில் கோர்த்துக் கட்டியிருந்தாள். எடுத்துப் போனவர்கள் நாடாவை அறுத்துவிட்டு, உறையை ஒழுங்காக மடித்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். மிச்ச நாடா இன்னும் அதில்தான் இருக்கும்.

எனவே துடைக்கும் வேலையை ஒரு நாள் தள்ளிவைத்து, அரை நாள் அந்தக் கிடங்குக்குள் நுழைய எனக்கு அனுமதி அளிக்குமாறு தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தவறான தகவல் தந்ததற்கு என்மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒருவேளை எல்லாம் முடிந்துவிட்டிருந்தால், அதைத் தயவுசெய்து கடிதமாக அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். அவள் பக்கத்திலேயே இருப்பாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இடம்: ஒலிப்பதிவு அறை
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தொழில்நுட்ப உதவியாளர்

இணைப்பு: என் கையெழுத்துள்ள படிவத்தின் நகல்.