தூக்க முடியாத ரீவி

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
17.09.1998

அன்புள்ள மகள் சுகிர்தாவுக்கு,

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் நோ மட்டும் படியைக் கண்டால் கூடிவிடும். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க அவளே துணை. போன கிழமை ரெலிபோனில், ரீவி வாங்காதீர்கள் அம்மா, ஸ்பொன்சர் சரிவந்ததும் இங்கே வந்துவிடுவீர்கள்தானே, கலியாண வீடியோக் கசற்றை எங்கள் பெரிய ரீவியிலேயே பார்க்கலாம் என்று சொன்னாய். நான் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு இமெல்டாவின் போனில் நின்று உன்னோடு சண்டை பிடிக்க முடியாது. வாங்கிவிட்டேன் பிள்ளை. இருபத்தொன்பது அங்குலம், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு வாங்கும்.

அதுதான் அப்பாவுக்குக் கோபம். எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தையில் காடையர் எங்கள் ரீவியை மாடியிலிருந்து தெருவில் போட்டு உடைத்த நாளிலிருந்து, ஓடும்போது கையில் எடுக்க முடியாத சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம், நீ வளர்ந்ததே அதற்குள்தான். அந்தச் சட்டப்படி வாங்கிய சின்ன ரீவியில்தான் உன் கலியாணக் கசற்றை முதலில் போட்டோம். கனடாக் கசற்றை இங்கத்தைய பழைய ரீவி ஏற்காது என்று எங்களுக்கு யார் சொன்னது? நிறமே இல்லை, படமும் நிற்காமல் உருண்டுகொண்டே இருந்தது, ஐயரின் கால் மேலேயும் தலை கீழேயும் வந்தன, உன்னைத் தேடிப் பிடிப்பதற்குள் நீ போய்விட்டாய். அப்பா பரவாயில்லை, கண்டாயிற்றுத்தானே என்றார். எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எம்பசிக்காரர் விசா தரமாட்டோம், போனால் திரும்பி வரமாட்டீர்கள் என்று சொல்லிப் பெற்ற தாயை மகளின் கலியாணத்துக்கு விடவில்லை, உன் கூறைச் சேலையின் நிறத்தையும் காணவிடாமல் செய்தால் எப்படி?

கசற்றைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். எல்லாக் கடையிலும் மீன் நீந்துகிற படத்தைப் போட்டு எவ்வளவு வடிவு பாருங்கள் அம்மா என்கிறார்கள். மீன் எனக்கு என்னத்துக்கு, என்னுடைய கசற்றைப் போடு என்றேன். அப்பா வெட்கத்தில் வாசலுக்குப் போய்விட்டார். ஒரு கடையில் பழையபடி உருண்டது, இன்னொன்றில் நிறம் வந்தது, ஆனால் மாப்பிள்ளையின் முகம் பச்சை. கடைசியாகப் போன கடையில் கிளெமென்ற் என்ற பெடியன், இது எந்த நாட்டுக் கசற்றையும் எடுக்கும் அன்ரி என்று போட்டுக் காட்டினான். அரக்குச் சிவப்பில் உன் சேலைக் கரை வந்ததும் நிறுத்து என்று சொல்லிவிட்டேன். கடையில் நின்று பார்க்கிற கலியாணமா அது?

போன ஞாயிறு பின்னேரம் வீட்டில் வைத்தோம். பயித்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டேன், இமெல்டா குடும்பம், மேல்வீட்டு லுத்பியா, கோயில் ஆட்கள் என்று வீடு நிறைய ஆட்கள், தாலி கட்டும்போது வாழ்த்தி எறிய எல்லோருக்கும் கையில் அறுகரிசி கொடுத்தேன். யன்னலைப் பூட்டி நாதஸ்வரத்தைக் குறை என்று அப்பா நச்சரித்தார், நான் இரண்டையும் செய்யவில்லை. உன்னைத் தாரை வார்த்தது ஆரோ ஒரு தம்பதி, நல்லாய் இருக்கட்டும், ஆனால் அந்த இடத்தில் அவர்களைக் காண எனக்கு வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வந்து நிற்கிறது. இந்த வீட்டில் பொலிஸில் பதிந்த ஆட்கள் இரண்டு பேர்தான், இங்கே இவ்வளவு பேருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். மகளின் கலியாணம் என்று அப்பா சிங்களத்தில் சொன்னார். கலியாணப் பொம்பிளை எங்கே என்று கேட்க, ரீவியைக் காட்டினார். சத்தத்தைக் குறைத்து அடையாள அட்டையைக் கொண்டுவா என்றார்கள். தாலி கட்டி முடியட்டும் மாத்தயா, எடுத்துத் தருகிறேன் என்று நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பயம் இல்லாமல் இல்லை, எழும்பினால் தாலிகட்டைத் தவறவிடுவேன் என்ற பயம் அதைவிடப் பெரிது. கெட்டிமேளம் அடித்தது, எல்லோரும் அறுகரிசி எறிந்தோம், ரீவிக்கு முன்னால் நிலம் எல்லாம் அரிசி. அதற்குப் பிறகுதான் அட்டையைக் கொடுத்தேன். மறுநாள் அப்பாவை ஸ்ரேசனுக்கு வரச்சொல்லி மத்தியானம் வரைக்கும் மர வாங்கில் இருத்திவைத்து அனுப்பினார்கள். வந்து கை கழுவி ஒரு வாய் சாப்பிட்டார், கசற்றைத் திரும்பப் போட்டுச் சத்தத்தைத் தானே கூட்டிவைத்தார்.

ஆகையால் மகள், ஸ்பொன்சர் அலுவலை விட்டுவிடு. திரும்பி வரமாட்டீர்கள் என்று எம்பசிக்காரர் சொன்னார்கள், திரும்பிப் போகவேண்டாம் என்று நீ சொல்கிறாய், எங்கள் வீடு எது என்று எங்களைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. கோபிக்காதே. இரண்டு பேரும் பதினாறும் பெற்று வாழுங்கள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் தொடங்க முதல் மாப்பிள்ளையின் இருமலுக்கு மருந்து எடு. ஒன்றை மறந்துவிடாதே. கசற் முடிந்ததும் இமெல்டா ஆராத்தித் தட்டைக் கொண்டுவந்து, சுற்றுங்கள் அக்கா, பிள்ளைகளுக்குக் கண்ணூறு படும் என்றாள். நான் மாட்டேன் என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு நான் ஏன் ஆராத்தி எடுக்கவேண்டும்? உனக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்ததும் அந்தக் கூறையைக் கட்டிக்கொண்டு இந்த வாசலில் வந்து நில், எடுக்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
வ. பாலேஸ்வரி